சுவரில் ஆணி அடிக்கக் கூடாது

எங்கள் வீட்டில் எதுவும் சுவரில் தொங்காது. கடிகாரம் ஃபிரிட்ஜின் தலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நாள்காட்டி ஜன்னல் கம்பியில் நூலால் கட்டப்பட்டிருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி வாஷ்பேசின் குழாய்க்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். யாராவது வேகமாகப் பல் துலக்கினால் அதுவும் சேர்ந்து நடுங்கும். எங்கள் கல்யாணப் படம்கூட மேசைமேல் மல்லாக்கப் படுத்துத்தான் கிடக்கிறது. வருகிறவர்கள் குனிந்துதான் எங்களைப் பார்க்க வேண்டும்.

காரணம் வீட்டுக்காரர். கீழ்த்தளத்தில் அவர், மாடியில் நாங்கள். சாவியைக் கொடுத்த அன்று அவர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதோடு விட்டிருக்கலாம். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் ஒரே ஒரு ஆணி அடித்தார்கள் என்றும், அடுத்த மாதம் அவர்கள் இங்கே இல்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். பேசும்போதே உள்ளங்கையால் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அன்றைக்கே நான் அவருக்குச் சுவர்க்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். அது என் கணவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வாயாடி. மாடிப்படியில் அவரை நேரில் பார்க்கும்போது அவள் உளறாமல் இருக்க வேண்டுமே என்பது என் தினசரிக் கவலைகளில் ஒன்று.

சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. இதற்கு முன்னால் இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். அதற்கு முந்தைய வீட்டுக்கு அதன் சொந்தக்காரருடைய மகனே குடிவந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் மூட்டை முடிச்சைக் கட்டினோம், மகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது, அவள் பழைய சிநேகிதிகளைத் தேடி அழுதாள். இந்த வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. மணி அடித்தால் சமையலறையில் கேட்கும். இதை விட்டால் இப்படி ஒன்று அமையாது என்று என் கணவர் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் நுனிக்காலில் நடப்பார். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்முவார்.

இப்போது பீரோ விஷயத்துக்கு வருகிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருத்தி ஊரைவிட்டுப் போகும்போது தன் மர பீரோவை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனாள். உயரம், உறுதி, ஒரு கதவில் ஆள் உயரக் கண்ணாடி, கீழே இரண்டு நீள இழுப்பறைகள். ராணி மாதிரி இருந்தது. கொண்டுவந்து வைத்த தச்சர்தான் முதலில் உதட்டைப் பிதுக்கினார். படுக்கையறைத் தரை சமமாக இல்லை. முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. முன்கால்களுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினார். பிறகு வளைந்த இரும்புப் பட்டைகளையும் ஸ்க்ரூக்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். பீரோவைச் சுவரோடு சேர்த்து முடுக்காமல் இருக்கக் கூடாது, இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்தால் முன்னால் வந்துவிடும் என்று சொன்னார். நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முடுக்க வேண்டுமென்றால் சுவரில் துளை போட வேண்டும். ஆணிக்கே வெளியே போனார்கள் என்றால் துளைக்கு?

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். பிளாஸ்டிக் பையை அதே பீரோவின் கீழ் இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

அதன்பிறகு நாங்கள் பீரோவுக்குப் பழகிக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான். திறக்கும்போது இடது கை மேலே போய்ப் பீரோவின் நெற்றியை அழுத்திக்கொள்ளும். கதவு திறந்திருக்கும்போது இழுப்பறையைத் தொடக் கூடாது. மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்; அவள் எட்டாத உயரத்துக்குக் கையைத் தூக்கியபடி சாமி கும்பிடுவதுபோல நின்றுதான் தன் பாவாடையை எடுப்பாள். வீட்டில் பரண் கிடையாது என்பதால் பெட்டிகளையும் பெரிய பாத்திரங்களையும் பீரோவின் தலையிலேயே ஏற்றினோம். அதுவும் பேசாமல் சுமந்தது. நாளாக ஆக, ஆபத்து என்கிற நினைப்பே போய், இதுதான் பீரோவைத் திறக்கும் முறை என்று ஆகிவிட்டது.

எல்லாம் என் நாத்தனார் வருகிறேன் என்று போன் பண்ணும்வரைக்கும்தான்.

அவள் என் கணவரின் தங்கை. அவளுடைய கணவர் வேலையாக வெளியூர் போகிறார், ஒரு வாரம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். கைக்குழந்தையோடு வருகிறாள். அவனை எல்லோரும் உருளை என்றுதான் கூப்பிடுவோம். போன தடவை பார்த்தபோது பாயில் உருண்டுகொண்டிருந்தான். இப்போது தவழ்கிறான், எதைப் பார்த்தாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். எனக்கு உடனே பீரோ ஞாபகம் வந்தது.

நியாயமாக அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பீரோ ஆடும், பிள்ளையை அந்தப் பக்கம் விடாதே என்று ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. ஏனென்றால் எங்களுடைய பழைய வீட்டுக்கு வந்தபோது இதே நாத்தனார், "அண்ணி, இது வீடா புறாக்கூடா?" என்று கேட்டவள். இந்த வீடு கிடைத்ததும் மூலை முடுக்கெல்லாம் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியவள் நான். படத்தில் நடுநாயகமாக நின்றது இந்தப் பீரோதான். அதுதான் எந்த நேரமும் தலைகுப்புற விழக் காத்திருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் மறுநாளே மாமியார் காதுக்குப் போய்விடும்.

சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். நான் வேலை பார்ப்பது குழந்தைகளுக்கான துணி தைக்கும் கம்பெனியில், சரிபார்க்கும் பிரிவில். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையின் பொத்தானையும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் அந்தச் சட்டை திரும்பிப் போகும், ஏனென்றால் பிள்ளைகள் பொத்தானை வாயில் போட்டுக்கொள்ளும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற வேலை. ஊரார் பிள்ளைகளுக்கு அவ்வளவு பார்க்கிற எனக்கு ஒரு பீரோவைக் காவல் காக்கத் தெரியாதா?

அவள் வருவதற்கு முன்பே பீரோக் கதவுகளைப் பூட்டிச் சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். இழுப்பறைகளுக்குப் பூட்டு இல்லை. கைப்பிடிகளை நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டினேன். மகளைக் கூப்பிட்டு, பீரோ பற்றி அத்தையிடம் மூச்சு விடக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். கேட்காதே என்றேன்.

நாத்தனார் வந்தாள். உருளை அவள் இடுப்பிலிருந்து இறங்கியதும் கூடம் முழுவதையும் ஒரு சுற்றுத் தவழ்ந்து பார்த்துவிட்டு, எங்கே போனான் என்கிறீர்கள்? நேராகப் படுக்கையறைக்கு. கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்துச் சிரித்து, இழுப்பறைக் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றான். நான் பாய்ந்து போய்த் தூக்கினேன். கண்ணாடியில் கை ரேகை படும் என்று ஏதோ உளறினேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று உறைத்தது. கண்ணாடியைவிடப் பிள்ளையா பெரிது என்று நினைக்கிற அத்தையாக அவள் கண்ணுக்கு நான் தெரிந்திருப்பேன்.

துணிகளை எங்கே வைப்பது என்று கேட்டாள். அவளுக்கென்று நாற்காலி ஒன்றைக் காலி செய்து கொடுத்தேன். பூட்டிய பீரோவையும் கட்டிய கயிற்றையும் அவள் ஒரு முறை பார்த்தாள். இழுப்பறை தானாக வெளியே வந்துவிடுகிறது, அதனால் கட்டியிருக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளையும் பிள்ளையையும் படுக்கையறையில் விட்டுவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டோம். கூடத்தில்தான் பீரோ இல்லையே, நிம்மதியாகத் தூங்கலாம் என்றால் அதுதான் இல்லை. உள்ளே கட்டில் கிரீச்சிட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேலைக்குப் போனாலும் மனது வீட்டிலேயே இருந்தது. பொத்தானை இழுப்பேன், கைப்பிடியை இழுக்கும் சின்ன விரல்கள் தெரியும். ஏதாவது சாக்குச் சொல்லி நாத்தனாருக்குப் போன் பண்ணுவேன். பால் வந்ததா, தண்ணீர் வருகிறதா, பிள்ளை எங்கே இருக்கிறான். கடைசிக் கேள்விக்குத்தான் முன் கேள்விகள் எல்லாம். அவளுக்கும் அது எரிச்சலாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டில் இடம் மாறியிருக்கிறது. எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து பீரோவின் முன்னாலேயே போட்டிருந்தாள். இடையில் ஒரு கை நுழையும் இடம்தான். பீரோவையே திறக்க முடியாது. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். இங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. ஃபேன் இருப்பது அறையின் நடுவில். இங்கே மட்டும் எப்படித் தனியாகக் காற்று வரும்? பீரோவைப் பூட்டி வைத்ததற்கு என்னைப் பழிவாங்குகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். என் வீட்டில், என் கட்டிலை, என்னைக் கேட்காமல்.

அவள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்துக் கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். தரையில் அது போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். சற்று நேரத்தில் அழைப்புமணி அடித்தது. வாசலில் சுவர்க்காரர்.

எதையோ இழுக்கிற சத்தம் கேட்டதே என்றார். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினோம் என்றேன். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வந்தார். வழக்கம்போலச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். படுக்கையறை வாசலில் நின்று பீரோவை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல மரம்"  என்றார்.

இதோ சமயம் என்று எனக்குள் ஏதோ எழுந்தது. ஐயா, இது ஆடுகிறது, சுவரில் இரண்டு துளை போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டால் முடிந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். கூடத்தில் என் கணவர் நுனிக்காலில் நின்றபடி வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். நாத்தனாரும் பிள்ளையோடு வந்து நின்றுவிட்டாள். மகளின் பள்ளிப் பை தரையில் கிடந்தது. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, ஆமாம் ஐயா, நல்ல மரம் என்றேன்.

அவர் போன பிறகு சமையலறைக்குள் வைத்துக் கணவரிடம் குசுகுசுவென்று சண்டை போட்டேன். நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றேன். நீதான் அவரோடு நன்றாகப் பேசுகிறாயே, நீ கேள் என்றார். ஆம்பளை நீங்கள் கேட்க மாட்டீர்களா என்றேன். மாட்டேன் என்றார், அவ்வளவு தெளிவாக அவர் வேறு எதற்கும் பதில் சொன்னதே இல்லை. தங்கை போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

மறுநாள் காலையில் கட்டில் மறுபடியும் பீரோவின் முன்னால் கிடந்தது. எப்போது இழுத்தாளோ, ஒரு சத்தம் இல்லை. எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது; போட்டுக்கொள்ள வேண்டிய துணி பீரோவுக்குள். நாத்தனார் குளியலறையில். ஒரு வார்த்தை பேசினாலும் சண்டையில்தான் முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலை முழங்காலால் முட்டித் தள்ளினேன். கோபத்தில் தள்ளியதில் அது கோணலாகப் போய்க் கட்டில் கால் பீரோவின் காலில் இடித்தது. பூட்டைத் திறந்தேன், துணியை உருவினேன், கதவைச் சாத்தினேன், ஓடினேன்.

கம்பெனியில் போய் உட்கார்ந்து, கைக்குட்டை எடுக்கப் பர்ஸைத் திறந்தபோதுதான் சாவி இல்லை என்று தெரிந்தது.

சாவி பீரோவிலேயே இருக்கிறது. கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை. கட்டிலையும் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். முன்னால் காலி இடம், மினுமினுக்கும் கண்ணாடி, திறந்து கொடுக்கும் கதவு. எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்?

நாத்தனாருக்குப் போன் பண்ணினேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடியும் பண்ணினேன். மறுபடியும் அதே. கையிலிருந்த சட்டையின் பொத்தானை எவ்வளவு பலமாக இழுத்தேனோ, துணியோடு பிய்ந்து வந்தது. மேற்பார்வையாளரிடம் வயிற்றுவலி என்றேன். முகத்தைப் பார்த்தவர் எதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வீடு போனால் போகட்டும் என்று முதல் தடவையாக நினைத்தேன். பிறகு மகளின் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் விட முடியாமல் தவித்தேன்.

மாடிப்படி ஏறி, என் சாவியால் கதவைத் திறந்தேன். வீடு அமைதியாக இருந்தது. சமையலறையில் பால் காய்ச்சும் வாசனை. நாத்தனார் தோளில் போனை இடுக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, என்ன அண்ணி இந்த நேரத்தில் என்றாள்.

பிள்ளை எங்கே என்றேன்.

உள்ளேதான் விளையாடுகிறான் என்றாள்.

படுக்கையறை வாசலுக்குப் போனேன். கட்டில் மறுபடியும் பீரோவின் முன்னால் இருந்தது. அவள் திரும்பவும் இழுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் அது எனக்கு நிம்மதியாகக்கூடப் படவில்லை. பிள்ளையைக் காணோம் என்பதுதான் தெரிந்தது.

பிறகு பீரோ மெல்லத் தலையை ஆட்டியது.

ஆமாம், அப்படித்தான் இருந்தது. யாரோ கேட்டதற்குச் சரி என்பதுபோல முன்னால் சாய்ந்தது. பூட்டாத கதவுகள் இரண்டும் இடமிருந்த அளவுக்குத் தாமாகவே விரிந்தன. தலையிலிருந்த பெட்டிகள் முதலில் வந்தன, பாத்திரங்கள் பின்னாலேயே வந்தன, கடைசியில் பீரோ முழுவதும் கட்டிலின் மேல் கவிழ்ந்தது. கண்ணாடி உடைந்த சத்தம் நின்ற பிறகும் ஒரு தட்டு தரையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் நின்றிருந்தேன். நாத்தனார் ஓடி வந்தாள். எனக்கு ஞாபகம் இருப்பது அவள் கத்தவில்லை என்பதுதான். கட்டில்மேல் பாய்ந்து துணிகளையும் பாத்திரங்களையும் இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்தாள். நானும் போய்க் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கையை விட்டுத் தேடினேன். பிள்ளையின் அழுகை கேட்கவில்லை. அழுதால் போதும், அழு, அழு என்று எனக்குள்ளே கதறினேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. திறந்து கிடந்த கதவு வழியாகச் சுவர்க்காரர் வந்துவிட்டார். மூச்சு வாங்க வாசலில் நின்றார். எந்தச் சுவரையும் தொடவில்லை.

"பிள்ளை எங்கம்மா?" என்றார்.

நாங்கள் இருவரும் வாரி எறிந்துகொண்டே இருந்தோம். அவர் ஒரு கணம் அறையைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுத் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார்.

"இங்க இருக்கான். முழிச்சுப் பாக்குறான்" என்றார்.

கட்டிலுக்கு அடியில், பீரோவின் காலுக்குப் பக்கத்தில் உருளை உட்கார்ந்திருந்தான். வெளியே இழுத்தபோது கையில் ஒரு அட்டை. பாதி ஊறிப்போய் வாயில் இருந்தது. முன்காலுக்கு அடியில் தச்சர் மடித்துச் செருகிய அட்டை. காலையில் நான் தள்ளிய கட்டில் இடித்ததில் அது பாதி வெளியே வந்திருக்க வேண்டும். கதவைப் பூட்டினேன், கைப்பிடியைக் கட்டினேன், அட்டையை நினைக்கவே இல்லை. தவழ்ந்து கட்டிலுக்குக் கீழே போன பிள்ளை கண்ணில் பட்டதைப் பிடித்து இழுத்திருக்கிறான். கட்டில் மட்டும் நான் தள்ளிய இடத்தில் இருந்திருந்தால் அவன் அந்த அட்டையை வெட்டவெளியில் உட்கார்ந்து இழுத்திருப்பான்.

நாத்தனார் அவன் வாயிலிருந்து அட்டையை விரலால் வழித்து எடுத்தாள். அப்போதுதான் அவன் அழுதான், தின்பண்டத்தைப் பிடுங்கிய கோபத்தில். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மன்னிச்சுடு. அது ஆடும்னு எனக்குத் தெரியும். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வந்த அன்னைக்கே பாத்தேன் அண்ணி. கயித்தையும் பாத்தேன். கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் கட்டிலை இழுத்துப் போட்டேன்" என்றாள்.

காற்று நன்றாக வருகிறது என்று அவள் சொன்னபோது ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று அப்போது புரிந்தது. அவள் என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், நானும் அதையேதான் செய்திருக்கிறேன். இருவரும் சேர்ந்து அந்த மானத்தைப் பிள்ளையின் தலைக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தோம்.

போன் அடித்தது. கணவர். நாத்தனாரோடு போனில் பேசிக்கொண்டிருந்த அவள் கணவர், சத்தம் கேட்டதும் இவருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். பீரோ விழுந்துவிட்டது என்றேன்.

"சுவத்துல பட்டுச்சா?" என்றார்.

அவருக்கே தான் கேட்டது காதில் விழுந்திருக்க வேண்டும். உடைந்த குரலில், பிள்ளை, பிள்ளை என்றார். நன்றாக இருக்கிறான், வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவரைத் திட்ட வாய் வரவில்லை. பஸ்ஸில் எனக்கும் பள்ளிக்கூடம்தானே ஞாபகத்துக்கு வந்தது?

வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டபடி நின்றிருந்தார். நான் எழுந்து, கவிழ்ந்த பீரோவின் அடியில் கையை விட்டு, கயிற்றை அவிழ்த்து இழுப்பறைக்குள் துழாவினேன். பிளாஸ்டிக் பை கிடைத்தது. அதை அவர் கையில் வைத்தேன். வந்த அன்றே தச்சர் கொடுத்தது என்றும், சுவரில் துளை போடப் பயந்து இதற்குள்ளேயே போட்டு வைத்தோம் என்றும் சொன்னேன்.

அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் போயா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"கேக்குற மாதிரியா நீங்க வச்சிருந்தீங்க? ஒரு ஆணி அடிச்சவங்க அடுத்த மாசம் இல்லைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே. உங்க சுவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நாங்க இந்த வீட்டுல மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கோம். இன்னைக்கு தச்சரைக் கூப்பிடப் போறேன். துளை போடப் போறேன். காலி பண்ணச் சொன்னா பண்ணிக்கிறோம்" என்றேன்.

சொல்லி முடித்ததும், மகள் சாயங்காலம் இதே தெரு முனையிலிருந்து துள்ளிக்கொண்டு வருவாள், அவளிடம் என்ன சொல்வது என்று ஓடியது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனமில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த, பல் தடம் பதிந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை மேசைமேல், எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

தச்சர் சாயங்காலம்தான் வந்தார். கணவரும் அவரும் சேர்ந்து பீரோவை நிமிர்த்தினார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் பலகை. டிரில் மெஷின் சுவரில் இறங்கிய சத்தத்தில் கணவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். முதல் துளை முடிவதற்குள் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். எல்லோரும் சிலையாக நின்றோம். தச்சர் மட்டும் ஒன்றும் தெரியாதவர்போல இரண்டாவது துளைக்கு அடையாளம் போட்டார்.

வீட்டுக்காரர் சுவரண்டை போய், துளையில் விரலை வைத்துப் பார்த்தார். உதிர்ந்த பொடியை விரலில் தேய்த்தார்.

"ரெண்டு தாங்காது. பழைய சுவரு. நாலு போடுங்க" என்றார்.

போகும்போது கூடத்தில் நின்று, ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்த கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கிளம்பினார். என் மகள் அவர் பின்னாலேயே வாசல்வரைக்கும் போய், நல்ல வேளையாக, போய்ட்டு வாங்க தாத்தா என்று மட்டும் சொன்னாள்.

தச்சர் முடித்ததும் நான் பீரோவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். பொத்தானை இழுத்துப் பார்ப்பதுபோலத்தான், பலம் முழுவதையும் கொடுத்து. அசையவில்லை. இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்தேன். திறந்துகொண்டிருக்கும்போதே என் இடது கை தானாக மேலே போய் அழுத்தியது. நாத்தனார் அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். மடியில் தூங்கிப்போயிருந்த உருளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டு பால்கனி கம்பி ஆடுது அண்ணி. குடிபோன நாள்ல இருந்தே. நாங்க அந்தப் பக்கம் சாய மாட்டோம், அவ்வளவுதான்" என்றாள்.

உன் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். பிள்ளை இப்போது எதைப் பார்த்தாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான்.

நான் அவளுடைய போனை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தேன். அவள் எண்ணைத் தேடி எடுத்து, மணி அடித்து, அந்தப் பக்கம் யாரோ ஹலோ சொல்கிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே நின்றேன்.